தண்டவாளம் கழற்றிய பாதை

1

நான் வேலைக்குப் போகும் வழியைப் பார்த்தால் நீங்கள் பொறாமைப்படுவீர்கள். இடது பக்கம் கடல் ஊருக்குள் புகுந்து அகலமாகக் கிடக்கும் கழிமுகம். வலது பக்கம் பச்சை மேடு, அதில் ஆடுகள். நடுவில் நாலு மைலுக்குச் சைக்கிள் பாதை. மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது. எங்கள் பக்கம் எண்ணூர் முகத்துவாரத்தில் இருக்கிற அதே சேறு, அதே உப்பு வாடை இங்கேயும் உண்டு. ஆனால் இங்கே அதைப் பார்க்க உட்காருவதற்குப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மனைவி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அதே ஆஸ்பத்திரியின் பாய்லர் அறையில் வேலை பார்க்கிறேன். மகள் ரீட்டாவுக்குப் பத்து வயது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

இந்தப் பாதை முன்பு ரயில் ஓடிய தடம். வண்டி விட்டால் நஷ்டம் என்று நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றி, சாம்பல் கொட்டி மட்டம் செய்து, போன வருடம் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். திறந்த அன்று மேயர் கழுத்தில் சங்கிலியோடு வந்து ரிப்பன் வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஆனால் எனக்கு இந்தப் பாதையில் ஒழுங்காகச் சைக்கிள் விடத் தெரியவில்லை. எல்லோரும் நடுவில் போவார்கள். நான் மட்டும் ஓரத்து முட்செடியில் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போவேன். பழைய லெவல் கிராசிங் வந்தால் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன். திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு கம்பெனியில் எட்டு வருடம் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். கம்பெனிக்குள் வரும் நிலக்கரிப் பெட்டிகளைப் பிரித்து, திருப்பி, நிறுத்தி வைக்கிற வேலை. தண்டவாளத்துக்கு நடுவே நடக்கக் கூடாது என்று முதல் நாள் சொன்னது காலில் ஏறிவிட்டது. தண்டவாளம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீட்டாவும் என்னோடு வந்தாள். நான் கிராசிங்கில் இறங்கியதைப் பார்த்து, கூட வந்த அவள் தோழிகளிடம் ஆங்கிலத்தில், "அப்பா எப்பவும் இப்படித்தான், ரயில் வருதான்னு பார்ப்பார்" என்றாள். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் என்னோடு வருவதில்லை.

2

ஏப்ரலில் தாஸிடமிருந்து ஏர்மெயில் கடிதம் வந்தது. வேலைக்குப் போகும் வழியில், பழைய ஸ்டேஷன் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். தாஸ் என்னோடு வேலை பார்த்தவன். இருவரும் ஒரே குப்பம். பேசுகிற மாதிரியே எழுதுவான்.

"மாமு, நல்லா கீறியா? தங்கச்சி, பாப்பா அல்லாரும் நல்லா கீறாங்களா? ஒரு சேதி. கம்பெனியில கை கால் போனவங்களுக்கு ஒக்காந்து பாக்கற வேலை தராங்களாம். ஆனா தன் தப்பால அடிபட்டவனுக்குக் கெடையாதாம். என் பைலுல என் தப்புன்னுதான எழுதிக்கீது. இத்தினி நாளு உன் பேர நான் எடுக்கல. இப்ப நீ அங்கயே தங்கிட்ட. ஒருத்தரும் உன்ன ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கி நீயும் டூட்டியில இருந்த, சக்கரத்துக்குக் கட்டைய வச்சிட்டேன்னு எங்கிட்ட சொன்னன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு. கட்டை நழுவிப் போயிருக்கும், அவ்ளோதான். யாருக்கும் பேஜாரு இல்ல. ஜூன் கடைசிக்குள்ள வரணுமாம். நீ எப்ப வர? இந்த ஆகஸ்டு திருநாளுக்காவது வா மாமு."

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று வேலைக்கு நாற்பது நிமிடம் தாமதம். ஃபோர்மேன் காரணம் கேட்டார். என் நண்பனுக்கு ஒரு கால் போய்விட்டது என்றேன். பாவம், எப்போது என்று பதறினார். ஆறு வருடத்துக்கு முன்பு என்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கரி அளவு எழுதும் நோட்டை நீட்டினார்.

3

அந்த மாலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். குப்பத்து ஆட்களுக்கு அது தெரிந்த கதை. ஆனால் தெரிந்தது பாதிதான்.

ஆகஸ்டில் மாதா திருவிழா. கடைசி நாள் சாயங்காலம் மாதா சப்பரம் கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போய்ப் படகுகளை மந்திரித்துவிட்டுத் திரும்பும். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் கம்பெனியின் தண்டவாளம் ஓடுகிறது. சப்பரம் தாண்டும்வரை எஞ்சினை ஓட்ட மாட்டோம். இதற்கு எழுத்தில் உத்தரவு ஒன்றும் கிடையாது. எஞ்சின் டிரைவர் இந்து, அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். லைனில் நிற்கிற ஆள் செருப்பைக் கழற்றி, சிவப்புக் கொடியை அக்குளில் இடுக்கி, கைகூப்பி மாதாவைப் பார்த்து நிற்க வேண்டும். சப்பரம் போய்ச் சேருகிறவரை முதுகைக் காட்டக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

அந்த வருடம் நானும் தாஸும் டூட்டி. ஐந்து நிலக்கரிப் பெட்டிகளை, சப்பரம் தாண்டும் கிராசிங்குக்குக் கொஞ்சம் தள்ளி மேட்டுப் பக்கம் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி அனுப்பிவிட்டோம். அந்த இடத்தில் தரை கிராசிங் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவு. அதனால் கை பிரேக்கை இறுக்கியதும் சக்கரத்துக்குக் கீழே மரக்கட்டை வைக்க வேண்டும். கட்டை வைப்பது அன்று என் வேலை.

எனக்கு அடுத்த மாதம் லண்டனுக்கு விமானம். ஸ்டெல்லா ஒரு வருடம் முன்பே வந்துவிட்டிருந்தாள். நாலு வயது ரீட்டாவும் நானும் கிளம்ப வேண்டும். இதுதான் கடைசித் திருவிழா, சப்பரத்துக்குத் தோள் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். பேண்டு சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. கட்டைகள் கொட்டகைக்குள் இருந்தன. பத்து தப்படி தூரம்கூட இல்லை. பிரேக்கை இறுக்கியிருக்கிறோமே, பத்து நிமிடம் தாங்காதா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கிராசிங்கில் நின்ற தாஸ் கேட்டான், "கட்டைய வச்சிட்டியா மாமு?"

"வச்சிட்டேன், வச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

"சர்த்தான், நீ போ. நான் பாத்துக்கறேன்."

சப்பரம் தண்டவாளத்தைத் தாண்டி இருபது அடிகூடப் போயிருக்காது. நான் முன் தண்டைத் தோளில் தாங்கிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு அலறல். பெட்டி மெதுவாகத்தான் வந்திருக்கிறது. பேண்டு சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. தாஸ் தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு மாதாவைப் பார்த்துக் கைகூப்பி நின்றிருந்தான். எங்கள் குப்பத்து ஆள் அல்லாமல் வேறு யாராக இருந்தாலும் சும்மாவாவது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பான்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனபோது நான் அழுதேன். அவன் அழவில்லை. "உன் பேர சொல்லல. நான்தான் உன்ன அனுப்பிட்டேன், நான் ஒருத்தன்தான் லைனுல இருந்தேன்னு சொல்லிட்டேன். என்கொயரி கின்கொயரின்னு உன்ன நிறுத்திட்டா தங்கச்சி அங்க தனியா இன்னா பண்ணும்? கெளம்பு மாமு" என்றான்.

கம்பெனியிடமிருந்து குற்றம் குறை இல்லை என்ற சான்றிதழ் எனக்கு வேண்டியிருந்தது. கிடைத்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

குப்பத்தில் தாஸைத்தான் பேசினார்கள். சப்பரத்தையே இடிக்கப் பார்த்தான், மாதாதான் ஜனங்களைக் காப்பாற்றினாள், திருநாளில் மாதா முன்னால் ரத்தம் சிந்த வைத்தான் என்றார்கள். அவன் தம்பியைக்கூடச் சப்பரத்தைத் தொட விடவில்லை. நான் லண்டன் போன சூசை. என் பெயர் சொன்னால் கோயிலில் நாற்காலி போடுவார்கள்.

4

கடிதத்தை ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவளிடம் மட்டும் முழுக் கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரு கேட்டத எழுதிக் குடுங்க. அத்தோட உடுங்க."

"கட்டை நழுவிடுச்சின்னு எழுதச் சொல்றான். கட்டையே இல்லையே."

"அத யாரு கேட்டாங்க இப்போ? அவருக்கு வேலை கெடைக்கணும். நமக்கு ஊருக்குப் போவணும். ஆறு வருசமா இந்த ஆகஸ்டு, அந்த ஆகஸ்டுன்னு சொல்லிகினு கீறீங்க. கேக்காததெல்லாம் எழுதிட்டு எந்த மூஞ்ச வச்சிகினு போவீங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பாதி எழுதினாலே தாஸுக்கு வேலை கிடைக்கும். ஒருவருக்கும் கெடுதல் இல்லை. டிக்கெட்டுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டோம். அந்த ஒரு வரியை மட்டும் அவன் எழுதச் சொன்னபடி எழுதிவிட்டால் போதும்.

இதில் ரீட்டா வேறு. ஆகஸ்டில் பள்ளித் தோழிகளோடு மலைப் பக்கம் முகாம் போக வேண்டும் என்று அடம். "அங்கே எனக்கு யாரையும் தெரியாது" என்றாள். யாரையும் தெரியாது என்பது எனக்குச் சுருக்கென்றது. அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன் தாஸ்.

5

பழைய ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் பெட்டியை அழகுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள். அதற்காக மட்டும் பத்து அடி தண்டவாளம். பெட்டிக்குள் மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, கட்டையை ஆணி போட்டு முடுக்கி, பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கட்டைகளைக் காலால் உதைத்துப் பார்ப்பேன். நாலையும் பார்க்காமல் மேலே போக மாட்டேன். பைத்தியம் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற கிழவர் ஒருவர் இருக்கிறார், ஹாரி என்று பெயர். ஒரு மாதமாக என்னைக் கவனித்திருக்கிறார் போல. மே மாதத்தில் ஒருநாள், "அது எங்கேயும் போகாது, அப்பனே" என்றார்.

எதற்கு அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. என் அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். திருவிழா, பேண்டு, சரிவு, தாஸ். சப்பரம் என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் மாதாவின் வண்டி என்றேன். சக்கரம் உள்ள வண்டியா என்று கேட்டார். இல்லை, தோளில் தூக்குகிற வண்டி என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "கட்டை வைத்திருந்தீர்களா?" என்றார்.

"வைத்தேன். நழுவிவிட்டது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கிழவருக்கு எங்கள் குப்பம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவரிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது? ஆனாலும் யோசிக்காமல் வந்தது. தாஸிடம் ஓடிக்கொண்டே சொன்ன அதே வேகத்தில் வந்தது. ஹாரி, "அப்படியென்றால் உங்கள் தப்பு இல்லையே" என்று என் தோளில் தட்டினார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து முழுவதையும் எழுதினேன். கட்டை வைக்கவில்லை. வைத்ததாகச் சொன்னேன். தாஸ் என்னை நம்பினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தமிழில் எழுதுவது பத்து நிமிட வேலையாகத்தான் இருந்தது.

6

எழுதினால் மட்டும் போதுமா? ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வக்கீல் முன்னால் பைபிள் மேல் கை வைத்து, பிறகு லண்டனில் நம் நாட்டு அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். லீவு போட்டு ரயிலேறிப் போனேன்.

அங்கே என் பெயர் தகராறு. கம்பெனிப் பதிவில் நான் ச. சூசை. இங்கே பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் போய், எல்லாக் காகிதத்திலும் நான் மிஸ்டர் சவரிமுத்து. ஆறு வருடமாக என்னை எல்லோரும் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தப்பு செய்ததாக எழுதியிருப்பது சூசை. கையெழுத்துப் போட வந்திருப்பது சவரிமுத்து. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதற்கு அத்தாட்சி?"

"நான்தான் சார் அத்தாட்சி" என்றேன்.

அது செல்லாது என்றார். மறுபடி வக்கீல், மறுபடி காகிதம், மறுபடி லண்டன். இரண்டாவது தடவை அவர் முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்கள் அனுப்பித்தான் ஆக வேண்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். முத்திரை குத்தினார். ஜூன் இருபதாம் தேதி கம்பெனிக்கு ரிஜிஸ்தர் தபாலில் போட்டேன். தாஸுக்குத் தனியாக ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், மாமு என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை.

பிறகு காத்திருந்தேன். தினமும் நாலு மைல் போக, நாலு மைல் வர. ஜூலையில் இந்தப் பாதை இன்னும் அழகாகிவிடுகிறது. கரையெல்லாம் ஊதாப்பூ. வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய ரயில் போனதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை போலிருந்தது. நான் மணி அடித்துக்கொண்டே ஓரமாகப் போவேன். ஒவ்வொரு நாளும், இப்போது தாஸுக்குத் தெரிந்திருக்கும், இப்போது தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே மிதித்தேன்.

7

ஜூலை கடைசியில் பதில் வந்தது. இந்தத் தடவை அது மாமு என்று ஆரம்பிக்கவில்லை.

"சூசைக்கு தாஸ் எழுதறது. காயிதம் வந்து சேந்திச்சி. கேட்டுல ஒக்காந்து லாரி நம்பர் எழுதற வேலை குடுத்துட்டாங்க. திங்கக்கெழம சேந்துட்டேன். ஆபீசர் உன் காயிதத்த எல்லாரும் இருக்கும்போது தமிழ்ல படிச்சிக் காட்டினாரு. கட்டை நழுவிப் போச்சின்னுதான் நான் இத்தினி வருசமா நெனச்சிகினு இருந்தேன். நழுவிப் போறதுக்கு யாரு இன்னா பண்ண முடியும்? அதனாலதான் உன் மேல எனக்குக் கோவம் இல்ல. படிச்சிக் காட்டும்போதுதான் தெரிஞ்சிது. இப்போ கோவம் கீது.

குப்பத்துல அல்லாருக்கும் தெரிஞ்சி போச்சி. என் தம்பிய கூப்ட்டு இந்த வருசம் சப்பரம் தூக்கச் சொல்லிக்கீறாங்க. உங்க அண்ணன் ரெண்டு நாளா வெளிய வரல. நீ உண்மைய எழுதின, அது பெரிசுதான். இல்லன்னு சொல்லல. ஆனா இந்த வருசம் வராத. அடுத்த வருசமும் நானா எழுதற வரைக்கும் வராத. நீ வந்தா, வா மாமுன்னு நான் கூப்புடணும். என்னால முடியாது."

பிளாட்பாரத்துப் பெஞ்சில் இரண்டு தடவை படித்தேன். அழுகை வரவில்லை. அவனுக்குக் கோபம் வந்ததில் எனக்கு ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. ஊர் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு ஆளைத்தான் என்று அப்போது தெரிந்தது. வேலைக்குப் போனேன், அடுப்புக்குக் கரி தள்ளினேன், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்டெல்லா கடிதத்தைப் படித்தாள். நான் முன்பே சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்ய யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ரீட்டா மாடியில் இருந்தாள். அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று ஏறிப் போனேன். கட்டிலில் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பெட்டி பாதி அடுக்கி மூலையில் கிடந்தது.

"ஆகஸ்டுல நாம ஊருக்குப் போகல, பாப்பா" என்றேன்.

"நிஜமாவா?" என்று எழுந்து உட்கார்ந்தாள். தமிழில்தான் கேட்டாள்.

"நிஜமா."

"அப்போ நான் முகாமுக்குப் போகலாமா?"

"போகலாம்."

ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்யூ அப்பா, தேங்க்யூ, தேங்க்யூ" என்று சட்டையில் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது கட்டிக்கொண்டது, அதற்குப் பிறகு இப்போதுதான். நான் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவளாக விடுகிறவரைக்கும் நின்றேன்.